மாமி சொன்ன தேங்காயெண்ணெய்

விறாந்தையில் நிற்கும் ரப்பர் செடியின் இலை மங்கிப் போய்விட்டது. தேங்காயெண்ணெய் பூசினால் மினுங்கும் என்கிறா மாமி. பூசலாமா? (கல்லடி வாசகி)

மாமி சொன்னது பொய்யில்லை, மினுங்கும். இரண்டு நாளைக்கு. மறுகா, கச்சான் காற்று அள்ளி வருகிற புழுதி முழுக்க அந்த எண்ணெயில் அப்பிக்கொள்ளும். ரப்பர் செடி மூச்சுவிடும் துளைகள் இலையின் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. எண்ணெய் பட்டால் அவை அடைபடும். இலையின் மினுக்கம் அதன் சொந்த மெழுகு. நாம் எடுக்க வேண்டியது ஊத்தையை மட்டும்தான்.

பழைய பருத்திச் சாரத்தில் இரண்டு துண்டு கிழித்து, நனைத்துப் பிழியுங்கள். ஒன்றை உள்ளங்கையில் விரித்து இலைக்கு அடியில் தாங்கிக்கொண்டு, மற்றதால் காம்பிலிருந்து நுனிவரை மெதுவாக ஒரே இழுப்பு. நடுநரம்பை ஒட்டிய பள்ளத்தில்தான் ஊத்தை தங்கும். நாலைந்து இலைக்கு ஒருமுறை துணியை அலசாவிட்டால் முதல் இலையின் ஊத்தை பத்தாவது இலைக்குப் போய்ச் சேரும். நுனியில் செந்நிற உறைக்குள் சுருண்டிருக்கும் குருத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

துடைத்துக் காய்ந்ததும் வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றன. பூஞ்சணமா? (ஆரையம்பதி)

உங்கள் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்கிறதா? நுரைக்காவிட்டால் அது பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவு. ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து துடைத்து, பிறகு மழைத் தண்ணீரால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். கார்த்திகை மழையில் இரண்டு வாளி பிடித்து வைத்தால் போதும். வெள்ளை, பஞ்சு மாதிரி காம்புக் கவட்டில் இருந்தால் கதை வேறு: மாவுப்பூச்சி. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

அரிசி ஆலைக்குப் பக்கத்து வீடு. வெல்வெட் மாதிரி இலையுள்ள பிகோனியாவில் உமித்தூசு. கழுவலாமா? (சம்மாந்துறை)

வேண்டாம். மயிர் உள்ள இலையில் தண்ணீர் தங்கினால் புள்ளி விழுந்து அழுகும். பிள்ளைகள் படம் கீறுகிற தூரிகை, நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து, அதால் தட்டிவிடுங்கள். சதைப்பிடிப்பான இலைச் செடிகளில் சாம்பல் பூத்தாற்போல் இருப்பதும் தூசியில்லை, செடியின் மெழுகுதான். தேய்த்த இடத்தில் அது திரும்ப வராது.

இலையை மினுக்கப் பால், வாழைப்பழத் தோல், கடையில் விற்கிற ஸ்பிரே: எது நல்லது? (கல்முனை)

பால் புளித்து மணக்கும். பழத்தோலுக்கு எறும்பு வரும். ஸ்பிரே, விருந்தாளி வருகிற நாளில் தடித்த இலையின் மேல்பக்கத்துக்கு மட்டும் என்றால் சரி. என் வீட்டில் அது இல்லை.

டிஃபன்பாக்கியா செடியின் இலையைத் துடைத்தபின் கை அரிக்கிறது. (அக்கரைப்பற்று)

சேம்பு வெட்டினால் அரிக்குமே, அதே குடும்பம்தான். சாற்றில் ஊசி ஊசியாக ஒக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. இலை கிழிந்திருந்தால் கையுறை போடுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள். தவழும் குழந்தை இருந்தால் சாடியை எட்டாத உயரத்துக்கு மாற்றுங்கள். கடித்தால் வாயும் தொண்டையும் வீங்கும்.