மொழி மேசை: விலையும் 'தாம்', தலமும் 'தாம்'

கேள்வி: புதுச் சொற்களைத் தினம் பத்து நிமிடம் படிப்பதா, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிப்பதா?
ஒரு மாணவர், தொண்டி

தினம் பத்து நிமிடம். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் மனதில் நிற்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே எழுதிவிட்டார். மொழி கற்றுத்தரும் செல்போன் செயலி பழைய சொல்லை நாள் கழித்து மறுபடி நீட்டுவது அதனால்தான். விடையைத் திறக்கும் முன் யோசித்துச் சொல்லுங்கள்.

கேள்வி: அக்கா, ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் பக்கம் சங்கும் சிப்பி மாலையும் விற்கிறேன். ஆறு மாதமாகச் செல்போனில் இந்தி படிக்கிறேன். ஒரு நாளும் விட்டதில்லை, செயலி கேட்பதற்கெல்லாம் சரியாகப் பதில் போடுகிறேன். போன வாரம் ஈரத்துணியோடு வந்த ஒரு பெரியவர் கைகூப்பி 'சார் தாம்' என்று என்னவோ சொன்னார். 'சார்' நாலு, 'தாம்' விலை. நாலு சங்கின் விலையைச் சொன்னேன். பத்ரிநாத், துவாரகை, பூரி முடித்து, நாலாவது தலமாக இங்கே வந்திருக்கிறாராம். எனக்கு இந்தி வரவே வராதா?
ஒரு வாசகி, ராமேஸ்வரம்

வரும், தங்கச்சி. விலைக்கான 'தாம்', 'சந்தனம்' என்பதில் வரும் 'த'. தலத்துக்கான 'தாம்' அதோடு மூச்சும் சேர்ந்தது. உள்ளங்கையை வாய்முன் வைத்துச் சொன்னால் காற்று படும். தமிழில் இந்த மூச்சு பொருளை மாற்றாது. அதனால் நம் காது அதைக் கண்டுகொள்வதில்லை.

ஜப்பானியர்களுக்கு ஆங்கில 'ர', 'ல' இப்படித்தான். லோகன், லைவ்லி, பிசோனி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1991-இல் வெளியிட்ட ஆய்வில் அவர்களுக்குக் கணினியில் பயிற்சி கொடுத்தார்கள். சொல் ஒலிக்கும், இரண்டில் எது என்று அழுத்த வேண்டும், சரியா தப்பா என்று உடனே தெரியும். பல பேர் குரலில் பழகியவர்கள் புதிய குரலிலும் பிரித்தறிந்தார்கள். 1993-இல் ஒரே ஆளின் குரலில் பழக்கிப் பார்த்தார்கள். புதுக் குரலில் அது கைகொடுக்கவில்லை. 1997-இல் பிராட்லோவும் மற்றவர்களும் இன்னொன்றைக் காட்டினார்கள்: காதை மட்டும் பழக்கினாலே உச்சரிப்பும் தேறியது!

பணி ஓய்வுக்குப் பிறகுதான் இதையெல்லாம் படித்தேன். படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் வேலை பார்த்த பள்ளியின் மொழிக்கூடத்தில் ஒரே கேசட், ஒரே அம்மாவின் குரல். அதில் பிள்ளைகள் ஒரு சொல்லையும் தவற விடமாட்டார்கள். வெளியூர் விருந்தினர் ஒருவர் வந்து ஆங்கிலத்தில் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டபோது, மண்டபம் ஊர்ப் பையன், நன்றாகப் படிப்பவன், கேள்வி பிடிபடாமல் தலைகுனிந்து நின்றான். அவனைத்தான் திட்டினேன். பாவம், அவன் மேல் ஒரு தப்பும் இல்லை.

உங்கள் செயலியில் எத்தனை குரல் பேசுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கடை வாசலிலோ காசிக்காரர், ராஜஸ்தான்காரர், பீகார்க்காரர் என்று நாள் முழுக்கக் குரல்கள். ஏழெட்டுப் பேரிடம் கேட்டு இரண்டு 'தாமை'யும் போனில் பதிந்துகொள்ளுங்கள். ஆணும் பெண்ணும், வயதானவரும் சிறுவரும் கலந்து இருக்கட்டும். ராத்திரி வீட்டில் யாரையாவது மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். விலை என்றால் காசை, தலம் என்றால் சாமி படத்தைத் தொடுங்கள். தப்பென்றால் அந்த நிமிஷமே சொல்லிவிட வேண்டும். கால் மணி நேரம் போதும்.

அது பிரிபட்டதும் அடுத்து சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் உள்ள இந்திச் சொற்கள். தமிழில் எழுதினால் அவை இரண்டுமே 'கானா'தான். இருபது தடவைக்கு எத்தனை சரி என்று குறித்து வைத்து, ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.