செசரியாவில் நிற்பது எது?

கேள்வி: 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமானியர் இன்றைய இஸ்ரேலின் செசரியாவில் கடலுக்குள் கட்டிய துறைமுகம் இன்றும் அசையாமல் நிற்கிறதாம். எங்கள் ஊர் மேம்பாலமோ பத்தே வருடத்தில் பெயர்ந்து விழுகிறது. அந்தக் காலத்து அறிவுக்கு முன்னால் இன்றைய இன்ஜினியர்கள் எம்மாத்திரம்?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: நிற்கிறது என்று யார் சொன்னது? மூழ்கிக் கிடக்கிறது. பார்க்க வேண்டுமானால் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு குதிக்க வேண்டும். அதற்கென்றே 2006-இல் அங்கே கடலடிப் பூங்கா திறந்திருக்கிறார்கள்.

கட்டியதும் ரோமானியர் அல்ல, ஏரோது. ரோமின் தயவில் யூதேயாவை ஆண்ட அதே ஏரோதுதான். கி.மு. 22 வாக்கில் வேலை தொடங்கியது. இயற்கையான வளைகுடா கிடையாது. நேர்கோடாக ஓடும் மணற்கரை. அங்கே துறைமுகம் கட்டத் துணிந்ததற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். பெரிய மரப்பெட்டிகளைச் செய்து, மிதக்கவிட்டு, சரியான இடத்தில் இறக்கி, உள்ளே கான்கிரீட் நிரப்பினார்கள். நம் கொத்தனார் சென்ட்ரிங் அடிப்பாரே, அதே வேலைதான், நடுக்கடலில். தண்ணீருக்குள்ளும் இறுகுவதற்காக எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தார்கள். அந்தச் சாம்பல் வந்தது இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்து, 2,000 கிலோமீட்டர் தாண்டி!

யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் இதை வானளாவப் புகழ்ந்தார். 20 பாக (சுமார் 120 அடி) ஆழத்தில் கற்களை இறக்கினார்களாம், ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தையே மிஞ்சியதாம். அவ்வளவு ஆழம் அங்கே எங்கே இருக்கிறது? சரி, புகழ்கிறவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். ஆனால் அவர் எழுதிச் சில பத்தாண்டுகளுக்குள் என்ன ஆனது என்பதைக் கேளுங்கள். வெளி அலைத்தடுப்பின் மேல் முக்குளிப்பவர்களுக்கு ஈயக் கட்டிகள் கிடைத்தன. மேலே பேரரசர் தொமித்தியன் பெயர். அவர் ஆண்டது கி.பி. 81 முதல் 96 வரை. அந்தச் சரக்கை ஏற்றி வந்த கப்பல் அலைத்தடுப்பின் மீதே உடைந்திருக்கிறது. அப்படியானால் அதற்குள் சுவர் நீருக்கடியில் போய்விட்டது என்கிறார்கள் ஆய்வாளர்கள். நூறு சொச்சம் வருடம்தான்!

அடிமணல் இளகியதா, நிலநடுக்கமா, ஆழிப்பேரலையா என்று இன்னும் வாதாடுகிறார்கள். கான்கிரீட்டும் முதல் தரம் இல்லை. உள்ளூர் மணற்கல் ஜல்லியோடு சாந்து சரியாக ஒட்டவில்லை; இத்தாலியத் துறைமுகங்களின் கான்கிரீட்டைவிட இது பலவீனமானது என்று துளையிட்டு எடுத்த மாதிரிகள் காட்டின. அப்புறம் கி.பி. 500 வாக்கில் பேரரசர் அனஸ்தாசியஸ் செப்பனிட வேண்டியிருந்தது. சிலுவைப் போர்க்காரர்களோ பழைய தூண்களைப் பிடுங்கிக் கடலில் கிடத்தித் தங்களுக்கு ஒரு சின்னத் துறை அமைத்துக்கொண்டார்கள்.

இத்தாலியில் சில ரோமானியக் கட்டுமானங்கள் இன்றும் உறுதியாக இருப்பது உண்மை. அவற்றுக்குள் இரும்புக் கம்பி இல்லை, அதனால் துருப்பிடிக்கவும் ஒன்றுமில்லை. ஆனால் கம்பியில்லாமல் உங்கள் மேம்பாலத்தைப் போட்டால் முதல் லாரியைக்கூடத் தாங்காது. கம்பி வரை ஈரம் போனால் அது துருவேறி உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். இது தெரியாத இன்ஜினியர் கிடையாது. எனவே ஏரோதுவை விட்டுவிட்டு, கம்பியைச் சுற்றிப் போதிய கான்கிரீட் மூட இடம்விடும் கவர் பிளாக் என்ற சின்னக் கட்டையைக் கம்பிக்கு அடியில் வைத்தார்களா, எத்தனை மில்லிமீட்டர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்.