குளிர்கால விளையாட்டுப் போட்டிகளைக் குடும்பத்தோடு டிவியில் பார்ப்பதை ஆண்டு வழக்கமாக்குவது எப்படி? (சேலம், ஏற்காடு)

கேள்வியில் சொல்லியிருப்பது இது: சேலத்தில் வீடு, ஏற்காட்டில் தாத்தா பாட்டி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். ஒலிம்பிக் சமயத்தில் பார்த்தது எல்லோருக்கும் பிடித்துவிட்டது. இதை வருடாவருடம் தொடர எந்தப் போட்டியில் ஆரம்பிப்பது, விதிகளை எப்படிப் புரிந்துகொள்வது, படம் பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது?

முதலில், ஒலிம்பிக்கை நம்பாதீர்கள். 2026இல் மிலானோ-கோர்ட்டினா, அடுத்தது 2030இல் பிரெஞ்சு ஆல்ப்ஸ். 2026இல் ஏழாவது படிக்கும் பிள்ளை அப்போது பதினொன்றாம் வகுப்பு. டியூஷன் போக மிச்ச நேரம் தூக்கத்துக்கே போதாது. ஆண்டுதோறும் நடப்பது உலகக் கோப்பைத் தொடர்கள். அக்டோபர் கடைசியில் தொடங்கி மார்ச் வரை ஓடும். அதில் நம் விடுமுறைகளோடு ஒட்டி வரும் மூன்று நாள்களைப் பிடித்துக்கொண்டால் போதும்.

ஜனவரி 1, ஜெர்மனியின் கார்மிஷ்-பார்டன்கிர்ஷனில் ஸ்கீ ஜம்பிங், அதாவது காலில் ஸ்கீ என்னும் நீளப் பலகை மாட்டிச் சரிவில் இறங்கிப் பறக்கும் போட்டி. அங்கே பிற்பகல் 2 மணி, நமக்கு மாலை 6.30. பொங்கல் வாரத்தை ஒட்டிய சனிக்கிழமை, சுவிட்சர்லாந்தின் வெங்கனில் லாபர்ஹார்ன் டவுன்ஹில், அதாவது மலைச்சரிவில் ஸ்கீயில் வேகமாக இறங்கும் பந்தயம். அதற்கு அடுத்த வாரம், குடியரசு தினத்தை ஒட்டி, ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூலில் ஹானன்காம் டவுன்ஹில். இரண்டு டவுன்ஹில்லும் நமக்கு மாலை 4, 5 மணிவாக்கில் தொடங்கும். அந்த நாடுகளின் நேரத்தோடு 4.30 மணி கூட்டினால் நம் நேரம். மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் தள்ளி வைப்பார்கள். அதற்குப் பிறகு 3.30 மணி கூட்டினால் போதும். அமெரிக்கா, கனடா போட்டிகளில் பல நமக்கு நள்ளிரவிலோ விடிகாலையிலோ வரும். குடும்ப வழக்கத்துக்கு அவை ஒத்துவராது, விட்டுவிடுங்கள்.

தொடக்கத்துக்கு ஸ்கீ ஜம்பிங்கைத்தான் சொல்வேன். ஒரு ஆள் இறங்குகிறார், பறக்கிறார், நிற்கிறார். ஆளுக்கு அரை நிமிடம்கூட ஆகாது, விதி தெரியாதவர்களுக்கும் கண் போதும். புத்தாண்டுப் போட்டி, நான்கு மலைத் தொடரில் ஒன்று. முதல் சுற்றில் 50 பேர் 25 ஜோடிகளாக மோதுவார்கள். ஜோடியில் வென்ற 25 பேரும், தோற்றவர்களில் அதிகப் புள்ளி எடுத்த 5 பேரும் இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள். அங்கே கடைசி இடத்தில் இருப்பவர் முதலில் குதிப்பார், முதலிடத்தில் இருப்பவர் கடைசியில். அதனால் பரபரப்பு கடைசி பத்து நிமிடத்தில் குவியும். வேலை இருப்பவர்கள் அதற்கு வந்து உட்கார்ந்தால்கூடப் போதும்.

புள்ளிக் கணக்கு கடினமில்லை. கார்மிஷ் மலையில் 125 மீட்டரில் ஒரு கோடு. அதைத் தொட்டால் 60 புள்ளி. அதைத் தாண்டும் ஒவ்வொரு மீட்டருக்கும் 1.8 கூடும், குறைந்தால் கழியும். 135 மீட்டர் பறந்தால் 60 + 18 = 78. அதோடு நடுவர்கள் ஐந்து பேர் ஆளுக்கு 20க்கு மதிப்பெண் போடுவார்கள். அதிகபட்சம் ஒன்றையும் குறைந்தபட்சம் ஒன்றையும் நீக்கிவிட்டு மீதி மூன்றைக் கூட்டுவார்கள். 18, 18.5, 18.5, 18.5, 19 என்றால் 55.5. மொத்தம் 133.5. வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து துண்டுச் சீட்டு கொடுத்து நடுவராக உட்காரவையுங்கள். பார்க்க வேண்டியது இரண்டு: காற்றில் ஸ்கீ ஆடாமல் இருக்கிறதா, இறங்கும்போது ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக முட்டி மடங்குகிறதா. இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றி இறங்கினால் மதிப்பெண் நன்றாகவே அடிவாங்கும். பாட்டிகள் இதில் நடுவர்களைவிடக் கறாராக இருப்பார்கள்.

எல்லோரும் குழம்பும் இடம் காற்றுக் கணக்கு. குறைவாகப் பறந்தவர் எப்படி மேலே வந்தார் என்று சண்டை வரும். எதிர்க்காற்று ஆளைத் தூக்கும், அதனால் அதற்குப் புள்ளியைக் கழிப்பார்கள். முதுகுப் பக்கமிருந்து வீசும் காற்று கீழே அழுத்தும், அதற்குக் கூட்டிக் கொடுப்பார்கள். புறப்படும் மேடையை ஏற்றி இறக்கினாலும் இதே மாதிரி சரிக்கட்டுவார்கள். மலைச்சரிவில் திரையில் தெரியும் பச்சைக் கோடு, முதலிடத்துக்கு ஏறக்குறைய எவ்வளவு தூரம் வேண்டும் என்பதைக் காட்டுகிறது.

டவுன்ஹில்லில் வேகம்தான் எல்லாம் என்று தோன்றும், ஆனால் வளைவில்தான் ஜெயிப்பதும் தோற்பதும். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் டிரைவர் எப்படி முன்கூட்டியே அகலமாக எடுத்துத் திருப்புகிறாரோ, அதே கணக்கு. தாமதமாகத் திரும்பியவர் அந்த இடத்தில் தோற்பதைவிட, அடுத்து வரும் நேர்ச்சரிவு முழுக்க வேகம் இல்லாமல் தோற்பார். லாபர்ஹார்ன் சுமார் 4.5 கிலோமீட்டர், இரண்டரை நிமிடம். 2013இல் அங்கே யோஹான் கிளாரே மணிக்கு 161.9 கிலோமீட்டரைத் தொட்டார். வழியில் ரயில் பாதைக்கு அடியில் நுழைந்து வெளியே வரும் இடம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கிட்ஸ்பியூல் அதைவிடக் குட்டை, ஆனால் செங்குத்து. பாதி வழியில் திரையில் காட்டும் இடைநேரம் பச்சையில் வந்தால் முன்னிலை, சிவப்பில் வந்தால் பின்தங்கல். நட்சத்திரங்கள் பெரும்பாலும் முதல் 15, 20 பேருக்குள் இறங்கிவிடுவார்கள், அதனால் அரைமணி தாமதமாக டிவி போட்டால் பாதிப் போட்டி முடிந்திருக்கும். பனிமூட்டம், காற்று என்று நேரம் தள்ளிப்போவதும் சகஜம். தள்ளிவைத்தால் டிவியை அணைக்காதீர்கள், அரைமணி, அரைமணியாகத்தான் நீட்டுவார்கள்.

"நம்ம நாட்டுக்காரங்க யாரு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். லூஜ் என்னும் சறுக்குவண்டிப் போட்டியில் சிவ கேசவன் 1998 முதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். 2022 பெய்ஜிங்குக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் குல்மார்க்கின் ஆரிஃப் கான். கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் ஜயண்ட் ஸ்லாலமில் 45ஆவது இடம். தரவரிசைப்படிதான் இறங்கவிடுவார்கள் என்பதால் நம்மவர் வரிசையில் பின்னால் வருவார், அதற்குள் டிவி வேறு போட்டிக்குத் தாவியிருக்கும். அவரைப் பார்க்க வேண்டுமென்றால் முழுப் போட்டியையும் காட்டும் ஆன்லைன் ஒளிபரப்புதான் வழி.

ஒரு பருவம் பழகிய பிறகு பயத்லான் சேர்க்கலாம். ஸ்கீயில் ஓடி வந்து மூச்சிரைக்க 50 மீட்டர் தூரத்து இலக்கைச் சுடவேண்டும். படுத்துச் சுடும்போது இலக்கு 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115. கறுப்பு வட்டம் வெள்ளையானால் பட்டது. தவறும் ஒவ்வொரு குண்டுக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று. தனிநபர் நீண்ட போட்டியில் மட்டும் அதற்குப் பதிலாக நேரத்தைக் கூட்டுவார்கள். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் திரை மூலையில் வரும் கட்டம் பச்சை என்றால் தாவல் நன்று, சிவப்பு என்றால் குறை, மஞ்சள் என்றால் மறுபரிசீலனை. பனித்தரையில் கல்லை இலக்கு நோக்கிச் சறுக்கிவிடும் கர்லிங் இரண்டரை மணி நேரம் ஓடும். 10 சுற்றில் ஏழாவதிலிருந்து பாருங்கள், இல்லையென்றால் முதல் நாளே எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். ஐஸ் ஹாக்கியின் ரப்பர் வில்லை 7.62 சென்டிமீட்டர்தான், 32 அங்குல டிவியில் தூரத்தில் உட்கார்ந்தால் கண்ணில் படாது.

எந்தச் சேனல் என்பது உரிமம் மாற மாற மாறும். இரண்டு வாரம் முன்பே பார்த்து, தேவைப்படும் சேனலை மட்டும் ஒரு மாதத்துக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் பார்ப்பதானால் அதே தளத்தில் முந்தைய நாள், அதே நேரத்தில், அரைமணி நேரம் ஓடவிட்டுச் சோதியுங்கள். இந்தியாவுக்குத் தடை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். 5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடும் படம் மணிக்கு 2.25 ஜிபி தின்னும். செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பினால் ஒருநாள் டேட்டா முதல் சுற்றிலேயே காலி.

மின்வெட்டில் டிவி இன்வெர்ட்டரில் ஓடும், ரவுட்டர் அணைந்துவிடும். பல வீடுகளில் ரவுட்டர் சொருகியிருக்கும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்காது. முதலில் அதை மாற்றுங்கள். ஏற்காட்டில் டிஷ் வைத்திருந்தால், மழைக்காலத்தில் வளர்ந்த சில்வர் ஓக் கிளை தெற்கு, தென்கிழக்குப் பக்கம் மறைக்கிறதா என்று டிசம்பரிலேயே பாருங்கள். காற்றடிக்கும்போது மட்டும் படம் உடைந்தால் காரணம் பெரும்பாலும் கிளைதான்.

பனி கொட்டும்போது படம் கட்டங்கட்டமாக உடைவது வேறு கதை. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஆயிரக்கணக்கான புள்ளிகள் இடம் மாறுவதால் சுருக்கும் முறை திணறுகிறது, டிவியில் பழுதில்லை. ஆனால் பனிச்சரிவு ஒரே வெள்ளைத் தாளாகத் தெரிந்தால் அது உங்கள் செட்டிங். 'விவிட்' பயன்முறையை விட்டு 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'சினிமா'வுக்கு வந்து, கான்ட்ராஸ்டை மேடுபள்ளத்தின் நிழல் தெரியும்வரை குறையுங்கள். சேலத்தில் மாலை 4 மணிக்கு மேற்கு ஜன்னல் திரையை இழுத்துவிடுவதும் அதே அளவு உதவும்.

தட்டுவடை செட் செய்வதானால் கேரட், பீட்ரூட் துருவலையும் வெங்காயத்தையும் இரண்டு சட்னியையும் தனித்தனியாக வைத்து, சுற்றுகளுக்கு நடுவில் அடுக்குங்கள். முன்கூட்டியே அடுக்கினால் பதினைந்து நிமிடத்தில் தட்டை நமுத்துவிடும்.

கிட்ஸ்பியூலுக்குப் பிறகு வரும் ஷ்லாட்மிங் இரவு ஸ்லாலம் அழகான போட்டி. ஆனால் முதல் சுற்றே நமக்கு இரவு 10 மணிக்கு மேல், இரண்டாவது நள்ளிரவைத் தாண்டும், அதுவும் வாரநாளில். மறுநாள் மாலை பதிவைப் பாருங்கள். அதுவரை விளையாட்டுச் செயலிகளின் அறிவிப்பை நிறுத்திவையுங்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முடிவு போடக்கூடாது என்று முன்னமே சொல்லிவிடுங்கள். வெளியூர்ச் சித்தப்பாவுக்குத் தனியாக ஒரு போன் போட்டுவிடுவது நல்லது.