பெட்டகத்து வெள்ளி, வைரத்தோடு, கழுத்திரு: பராமரிப்புக் கேள்வி பதில்

கல்யாணம், சாந்தி (அறுபது, எண்பது வயதுக் கல்யாணம்), படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று செட்டிநாட்டு வீடு திறக்கும்போது வெளியே வரும் சாமான்களைப் பற்றித்தான் இந்த முறை கேள்விகள் அதிகம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த நகையையும் நனைப்பதற்கு முன் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். அரக்கு, தகடு, நூல், பசை இந்த நாலில் எது இருந்தாலும் தண்ணீரில் முக்க வேண்டாம்.

கானாடுகாத்தானிலிருந்து: அண்ணே, ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீடு. வெள்ளித் தட்டு, சந்தனக் கும்பா, குத்துவிளக்கு எல்லாம் கரிச்சட்டி மாதிரி இருக்கு. புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம் ஆச்சி. புளி பித்தளைக்கும் செம்புக்கும்தான். வெள்ளியில் படியும் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாவது. அது புளியின் புளிப்புக்குக் கரையாது. உங்கள் கைவலுவில் போகிறதே தவிர புளியால் போவதில்லை. போகும்போது கீறலையும் விட்டுப் போகும்.

தட்டு, கும்பா போன்ற வெறும் வெள்ளிக்கு இப்படிச் செய்யுங்கள். முதலில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவுங்கள். பிசுக்கு இருந்தால் அடுத்த வேலை திட்டுத்திட்டாக நிற்கும். பிறகு ஒரு பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, சாமானை அதன் மேல் படும்படி வையுங்கள். லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி சமையல் சோடா, 1 தேக்கரண்டி உப்பு கணக்கில் போட்டு, கொதித்து இறக்கிய தண்ணீரைச் சாமான் முழுகும்படி ஊற்றுங்கள். அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்தால் வேலை நடக்கிறது. வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகத்தை அலுமினியம் விடுவிக்கிறது. வெள்ளி வெள்ளியாகவே தங்குகிறது, தேய்மானம் இல்லை. 2 முதல் 5 நிமிடம் போதும். நல்ல தண்ணீரில் அலசி உடனே துடையுங்கள். தானாகக் காயவிட்டால் நம் ஊர் உப்புத் தண்ணீர் புள்ளி போட்டுவிடும்.

எடுத்ததும் மங்கிய வெண்மையாகத்தான் இருக்கும். பளபளப்புக்கு, பழைய வேட்டித் துணியில் மூன்று முறை சலித்த திருநீறு போதும். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் அந்தத் திருநீறு வேண்டாம். பல்பொடி, பற்பசை இரண்டும் தொடவே கூடாது.

இந்த முறை மூன்று இடத்தில் ஆகாது. பூவேலைப் பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய சாமானில் அந்தக் கறுப்பும் போய், வேலைப்பாடு தட்டையாகத் தெரியும். கல் பதித்தவை இரண்டாவது. மூன்றாவது, அடிப்பாகம் கனமாக இருக்கிற குத்துவிளக்கு. பலவற்றின் உள்ளே அரக்கு நிரப்பியிருப்பார்கள். சுடுதண்ணீரில் இளகி வெளியே வரும். அப்படிப்பட்ட விளக்கை ஈரத்துணியும் திருநீறும் கொண்டு கையால்தான் செய்ய வேண்டும்.

அதே ஆச்சி: திரும்பக் கறுக்காமல் எப்படி வைப்பது?

எதில் சுற்றி வைக்கிறோம் என்பதில்தான் பாதி இருக்கிறது. செய்தித்தாள், கம்பளி, ரப்பர் பேண்டு மூன்றும் கூடாது. வெள்ளிக் கரண்டிகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைத்தால், அது இருந்த இடத்தில் கோடு கிழித்தது போலக் கறுப்பு விழும். துணியைச் சுற்றி அதன்மேல் போட்டாலும் விழும்.

கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் காற்றை அழுத்தி எடுத்துக் கட்டுங்கள். பிசுபிசுவென்று ஒட்டுகிற தடித்த பிவிசி பை வேண்டாம். உள்ளே இரண்டு சாக்கட்டி அல்லது சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம். ஐப்பசி, கார்த்திகை ஈரம் உள்ளே சேராது. வெள்ளிக் கிண்ணத்தில் உப்பும் ஊறுகாயும் பரிமாறினால் பந்தி முடிந்த கையோடு கழுவுங்கள். உப்பு அரித்த புள்ளி பாலிஷுக்கும் போகாது.

தேவகோட்டை: ஏழு கல் வைரத்தோடு மங்கலாயிருக்கு. வைரம் தேயுமா?

தேயாது. வைரத்துக்கு எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. தலைக்குத் தடவும் எண்ணெய், பவுடர் எல்லாம் கல்லின் பின்பக்கம் போய் அடைந்து வெளிச்சத்தை மறைக்கிறது.

தோட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். பின்பக்கம் திறந்திருந்தால், வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கிண்ணம், பாத்திரம் கழுவும் திரவம் 3, 4 சொட்டு, 20 நிமிடம் ஊறல். பிறகு குழந்தைகள் பிரஷ்ஷால் பின்பக்கமிருந்து தேய்த்து, வேறொரு கிண்ணத்துத் தண்ணீரில் அலசுங்கள். குழாயடியில் வேண்டாம். ஆத்தங்குடிக் கல் தரையில் வேலை செய்தால் கீழே துண்டு விரித்துக்கொள்ளுங்கள். திருகாணி மரையையும் தேய்க்க மறக்காதீர்கள். அழுக்கு ஏறிய மரை முழுதாக இறங்காது, தோடு தொலைவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். காய்ந்ததும் காதோரம் வைத்து மெதுவாகத் தட்டுங்கள். கிலுக்கென்றால் கல் ஆடுகிறது, அணியாமல் பத்தரிடம் (நகை செய்பவரிடம்) கொடுங்கள்.

பின்பக்கம் மூடிக் கல் கட்டிய பழைய தோடாக இருந்தால் முக்கவே கூடாது. கல்லுக்கு அடியில் மெல்லிய பளபளத் தகடு இருக்கும். ஈரம் இறங்கினால் தகடு கறுத்துக் கல் செத்துப்போனது போல ஆகும். பிரித்து மறுபடி கட்டுவதைத் தவிர வழியில்லை. பிழிந்த துணியால் மேலே ஒற்றினால் போதும்.

காரைக்குடி: எங்க ஆயாவோட பர்மாச் சிவப்பு அட்டிகை, கீழே முத்துத் தொங்கல். எலுமிச்சை, சோடா உப்பு போடலாமா?

சிவப்புக்கல் (மாணிக்கம்) கடினத்தில் பத்துக்கு 9, வைரத்துக்கு அடுத்தது; அதற்கு ஒன்றும் ஆகாது. முத்துதான் மாட்டிக்கொள்ளும். முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்து. புளிப்புப் பட்டால் மேல்தோல் அரித்து ஒளி போய்விடும், திரும்பாது. மென்மையான ஈரத்துணி போதும். முத்து நகையைப் பவுடர், சென்ட் எல்லாம் போட்டு முடித்த பிறகு கடைசியில் அணிந்து, வந்ததும் முதலில் கழற்றுங்கள். சிலிக்கா ஜெல்லோடு வருஷக்கணக்கில் அடைக்காதீர்கள். ரொம்ப உலர்ந்தால் முத்து வெடிக்கும்.

மரகதம் இருந்தால் சுடுதண்ணீரும் கடைகளின் அதிர்வு இயந்திரமும் ஆகாது. மரகதத்தின் வெடிப்புகளில் எண்ணெய் ஏற்றியிருப்பது வழக்கம். அது வெளியேறினால் உள்ளிருக்கும் கோடுகள் எல்லாம் தெரியும்.

இன்னொன்று. உருக்கிச் செய்த செயற்கைச் சிவப்பை பிரான்ஸில் வெர்னேய் என்ற வேதியியலாளர் 1902லேயே அறிவித்துவிட்டார். பழைய நகை என்பதால் மட்டும் கல் சுரங்கத்துக் கல் ஆகிவிடாது. 10 மடங்கு லென்ஸில் வளைந்த கோடுகள் தெரிந்தால் செயற்கை. பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். பங்கு பிரிக்கும்போது மட்டும் கவனம்.

பள்ளத்தூர்: கழுத்திருவை எப்படிச் சுத்தம் செய்வது?

கழுத்திரு, நம் கல்யாணத்தில் அணியும் பெரிய தாலி, மஞ்சள் நூலில் பொன் உருக்களைக் கோர்த்தது. கோர்த்தபடியே முக்காதீர்கள். நூல் உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டு பூஞ்சை பிடிக்கும், பிறகு இற்றுவிடும். உருக்களை வரிசை மாறாமல் படம் எடுத்துக்கொண்டு, புது நூல் கோர்க்கும் சமயத்தில் பொன்னைத் தனியே பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி, ஒரு முழு நாள் நிழலில் காயவைத்துக் கோருங்கள். இடையில் துணியால் துடைப்பது மட்டும்.

புதுவயல்: தெர்மாமீட்டர் உடைஞ்சு மோதிரத்தில் வெள்ளைத் திட்டு. அடுப்பில் காட்டினால் போகுமாமே?

அடுப்புப் பக்கமே போகாதீர்கள் தம்பி. அது பாதரசம் தங்கத்தில் ஏறியது. சூட்டில் கிளம்பும் ஆவி நஞ்சு. மோதிரத்தை மூடிய டப்பாவில் போட்டு, புகைபோக்கி உள்ள பட்டறையில் கொடுங்கள்.

கோட்டையூர்: வருஷாவருஷம் மெருகு போடலாமா?

தேவையில்லை. அமிலத்தில் முக்கினாலும் சக்கரத்தில் தேய்த்தாலும் மேலேயிருந்து தங்கம் போகிறது. மெல்லிய மோதிரத்தில் ஹால்மார்க் எழுத்தே அழிந்துவிடும். விசேஷத்துக்கு முன் போட்டே ஆக வேண்டுமென்றால், உங்கள் கண் முன் மில்லிகிராம் வரை எடை போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போதும் அதே தராசில் போடச் சொல்லுங்கள். அழுக்குப் போன எடையும் அதில் சேரும் என்பதால், வீட்டில் கழுவிக் காயவைத்த பிறகே கொண்டுபோங்கள்.