நட்சத்திரம் பார்த்து வெட்டுவதா, வலி வரும்வரை இருப்பதா?

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர் எழுதியிருக்கிறார். கொழும்பில் கடையில் வேலை. மனைவி தோட்டத்தில் அம்மாவோடு இருக்கிறாள். முதல் பிள்ளை, 37 வாரம் முடிந்துவிட்டது. கிளினிக்கில் எல்லாம் சரி என்கிறார்கள். ராத்திரியில் வயிறு இறுகுகிறது, கொஞ்ச நேரத்தில் விட்டுவிடுகிறது. உண்மை வலியை எப்படிக் கண்டுபிடிப்பது? மேற்கணக்கு லயத்திலிருந்து, அதாவது தோட்டத்தின் மேல் பிரிவிலுள்ள தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, பெரிய ரோட்டுக்கு இறங்கவே அரை மணியாகும். டவுனில் ஒருவர், நல்ல நட்சத்திரமாகப் பார்த்து பிரைவேட்டில் சிசேரியனுக்கு ஒழுங்கு செய்கிறேன், முதலில் 25,000 ரூபாய் கட்டுங்கள் என்கிறார். கட்டலாமா?

கட்ட வேண்டாம், தம்பி. மற்றதை அப்புறம் பேசுவோம்.

அவர் டொக்டர் இல்லை, மிட்வைஃப் இல்லை. ஆள் பிடித்துக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர். நான் மலையக ஆஸ்பத்திரி வாட்டுகளில் டொக்டராக இருந்த காலத்தில், மகளின் பிரசவத்துக்கென்று தோட்டை அடகு வைத்துக் கட்டிய முற்பணத்தின் துண்டை ஒரு தகப்பன் என்னிடம் காட்டினார். கொப்பியில் கிழித்த ஒற்றை. பெயர் இல்லை, முத்திரை இல்லை, தொகையும் ஒரு கிறுக்கல் கையெழுத்தும்தான். மகள் எங்கள் வாட்டிலேயே சுகமாகப் பெற்றெடுத்தாள், ஒரு சதம் செலவில்லை. அரச ஆஸ்பத்திரியில் சாதாரணப் பிரசவமும் இலவசம், சிசேரியனும் இலவசம். "உள்ளே சொல்லிவைக்கிறேன்" என்று வாசலில் நிற்பவருக்கு, சொல்லிவைக்க உள்ளே ஆளே கிடையாது.

சரி, வலிக்கு வருவோம். உங்கள் மனைவிக்கு வருவது, நீங்கள் சொல்வதைப் பார்த்தால், பொய் வலி. எழும்பி நடந்தால் அடங்கும், திரும்பிப் படுத்தால் அடங்கும், ஒரு கோப்பை தண்ணீர் குடித்தாலும் சில நேரம் அடங்கும். பத்து நிமிடத்தில் ஒன்று வரும், அடுத்தது முக்கால் மணி கழித்து வரும். உண்மை வலி அப்படி விளையாடாது. பெரும்பாலும் இடுப்பில் தொடங்கி அடிவயிற்றுக்கு வரும், ஒன்றைவிட அடுத்தது பலமாக இருக்கும், இடைவெளி குறைந்துகொண்டே போகும், நடந்தாலும் படுத்தாலும் நிற்காது. வலி உச்சத்தில் இருக்கும்போது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பதிலைப் பாதியில் நிறுத்திவிடுவாள்.

அம்மாவிடம் போனில் நேரம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும்வரை எண்ண வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் என்பது முதல் பிள்ளைக்குச் சொல்லும் கணக்கு. அது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவர்களுக்குச் சரி. உங்கள் ரோட்டுக்கு, பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று ஒழுங்காக வந்தாலே புறப்படுங்கள். "இன்னும் நேரமிருக்கு" என்று திருப்பி அனுப்பி, மிஸ் (நர்ஸ்) ஏசுவார் என்று பயப்படுகிறார்கள். ஏசட்டும். லொறியில் பெறுவதைவிட ஏச்சு வாங்குவது நல்லது. வலி எதுவும் இல்லாமல் இரத்தக் கோடு விழுந்த சளி மாதிரிப் பட்டால் அவசரமில்லை, பையைக் கட்டிவைத்தால் போதும்.

வலிக்காகக் காத்திருக்கக் கூடாத சந்தர்ப்பம் ஒன்று உண்டு. பன்னீர்க்குடம் உடைவது. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன், ஆனாலும் சொல்கிறேன். சினிமாவில் வருகிற மாதிரி குடமாகக் கொட்ட வேண்டியதில்லை. பல பேருக்குக் கசிவுதான். எழும்பி நின்றால் கொஞ்சம், இருமினால் கொஞ்சம். சிறுநீர் என்று நினைத்து துணி மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒரு பெண் முதல்நாள் காலையிலிருந்து ஐந்து துணி மாற்றிவிட்டு, மறுநாள் சாயந்தரம் காய்ச்சலோடு வந்தாள். ஏன் வரவில்லை என்று கேட்டால், "வலி இல்லையே டொக்டர்" என்றாள். சிறுநீரை அடக்கலாம், இதை அடக்க முடியாது. மூத்திர வாடையும் இருக்காது. வெள்ளைத் துணி வைத்து, அந்தத் துணியைக் கையோடு கொண்டுவாருங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. தெளிவாக இருந்தாலும் வரத்தான் வேண்டும். நேரம் போகப் போகக் கிருமி ஏறும். வலி இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே வேண்டாம்.

சிவப்பாக இரத்தம் போவது, வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைவது, தலையிடியோடு கண் மங்குவது, இவற்றுக்கும் உடனே வர வேண்டும்.

இனி சிசேரியன். நான் எத்தனையோ செய்திருக்கிறேன், அதன் எதிரி இல்லை. நஞ்சுக்கொடி கருப்பை வாசலை அடைத்திருந்தால், பிள்ளை குறுக்கே கிடந்தால், இதயத்துடிப்பு விழுந்தால் அதுதான் உயிர் காக்கும். நட்சத்திரத்துக்காக வெட்டுவது வேறு கதை. காரணமில்லாமல் 39 வாரத்துக்கு முன் எடுத்தால் பிள்ளை மூச்சுக்குத் திணறலாம், தாயை விட்டு வேறு வாட்டில் வைக்க வேண்டி வரலாம். வயிற்றில் தழும்போடு ஏற்றத்தில் கூடை சுமக்கப் போவது உங்கள் மனைவிதான், நாள் குறித்த சாத்திரியார் இல்லை. அடுத்த பிள்ளைக்கு நஞ்சுக்கொடி அந்தத் தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. ஆனால் வலி நடுவில் டொக்டர் வெட்ட வேண்டும் என்று சொன்னால், மனைவி அங்கேயே கையெழுத்துப் போடட்டும். கொழும்புக்குப் போன் போட்டு உங்கள் சம்மதம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்று இன்றே சொல்லிவையுங்கள்.

உங்கள் உண்மையான பயம் ரோட்டைப் பற்றியது. நியாயம்தான். 1992-ல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. இன்றும் ரோட்டைக் கேட்டால் கம்பனி அரசாங்கத்தைக் காட்டும், அரசாங்கம் கம்பனியைக் காட்டும். நடுவில் கர்ப்பிணி தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் குலுங்கிக்கொண்டு போகிறாள். அந்தப் புரோக்கர் பிழைப்பதே இந்த ஓட்டையில்தான்.

1990-க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மேற்கணக்கு லயம் என்றால் அவர்களுக்குப் புரியாது. தோட்டத்தின் பெயர், ஃபெக்டரி, கோயில் என்று அடையாளம் சொல்லி, ரோட்டு முனையில் ஓர் ஆளை டோர்ச்சோடு நிறுத்துங்கள். லயத்துக்குக் கிட்ட இருக்கிற ஓட்டோக்காரர் இருவரின் நம்பரை அம்மாவின் போனில் போட்டுக் கொடுங்கள், ஒருவர் போதாது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று மிட்வைஃபிடம் இந்த வாரமே கேட்டு வையுங்கள். கிளினிக் அட்டையைப் பையின் அடியில் வைத்துவிட வேண்டாம், மேலே இருக்கட்டும்.