சட்டத்தைக் கையில் எடுக்கும் போலீஸ் படங்களை எப்படிப் பார்ப்பது, எந்த வரிசையில் போடுவது?

காரைக்குடியில் ஞாயிறுதோறும் நண்பர்களுக்குப் படம் போடுவதாகவும், இந்த மாதம் நான்கு வாரமும் என்கவுன்ட்டர் போலீஸ் படங்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

ஹீரோவை முதலில் விட்டுவிடுங்கள். அவர் கையைக் கட்டிப்போடுவது யார் என்று பாருங்கள். நீதிபதியா, மந்திரியா, மேலதிகாரியா? அந்தக் காலத்து ஜனங்களுக்கு யார்மேல் நம்பிக்கை விட்டுப்போயிருந்தது என்பது அங்கேதான் தெரியும்.

1971-ல் வந்த 'டர்ட்டி ஹாரி'யில் அது நீதிமன்றம். கைதிக்கு அவன் உரிமைகளைச் சொல்லிவிட்டுத்தான் விசாரிக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1966-ல் தீர்ப்பளித்திருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் நிஜமாகவே தொடர் கொலைகள் செய்த 'ஸோடியாக்' கொலைகாரனோ பிடிபடவே இல்லை. சட்டம் குற்றவாளிக்குத்தான் துணை நிற்கிறது என்ற பயம் அப்படித்தான் படமானது. ஆனால் 1973-ல் வந்த இரண்டாம் பாகத்தில், ஆட்களைத் தாங்களே தீர்த்துக்கட்டும் போலீஸ்காரர்கள்தான் வில்லன்கள்!

'தங்கப்பதக்கம்' (1974) வேறு ரகம். தப்பு செய்வது பெற்ற மகன். அப்பா சுட்டாலும் சட்டத்துக்காகவே சுடுகிறார். காக்கிச்சட்டையும் சட்டமும் அங்கே ஒன்றுதான்.

2003-ல் வந்த 'சாமி'யில் அந்த நம்பிக்கை போய்விட்டது. ஹீரோ போலீஸே வில்லனிடம் மாமூல் வாங்கித்தான் ஊரில் காலூன்றுகிறார். கடைசியில் வில்லனைக் கொன்று செங்கல் சூளையில் எரித்துவிடுகிறார். ஊருக்கு அவன் தலைமறைவு. அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, "உடல் எங்கே?" என்று கேளுங்கள். உடல் இல்லையென்றால் பிரேதப் பரிசோதனை இல்லை, மாஜிஸ்திரேட் விசாரணை இல்லை. ஊரையே பிடித்து வைத்திருக்கும் பெரிய மனிதரை கோர்ட் ஒன்றும் செய்யாது என்ற மாவட்டத் தலைநகரத்துப் பயம் அந்தச் சூளையில் இருக்கிறது.

படங்கள் காட்டாத இன்னொன்று. 2014-ல் உச்ச நீதிமன்றம் என்கவுன்ட்டர் சாவுகளுக்கு விதிகள் வகுத்தது: எஃப்ஐஆர் கட்டாயம், சிஐடியோ வேறு ஸ்டேஷன் போலீஸோதான் விசாரிக்க வேண்டும், சம்பவம் முடிந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது. துப்பாக்கி வெடித்த அடுத்த காட்சியிலேயே மெடல் குத்தும் படங்களை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

'விசாரணை' (2015) கேமராவை அடி வாங்குகிறவன் பக்கம் திருப்பியது. 2020-ல் சாத்தான்குளம் தந்தை, மகன் சாவுக்குப் பிறகு, போலீஸைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்கு வேதனைப்படுவதாக 'சாமி' இயக்குநர் ஹரியே அறிக்கை விட்டார். 'ஜெய் பீம்' (2021) வந்தபோது ஹீரோ வக்கீல். ஆயுதம் ஆட்கொணர்வு மனு.

வரிசை: தங்கப்பதக்கம், சாமி, விசாரணை, ஜெய் பீம். 'விசாரணை'யை முன்னால் போட்டுவிடாதீர்கள். அதைப் பார்த்தவர்கள் 'சாமி'க்குக் கைதட்டக் கூச்சப்படுவார்கள். எந்த இடத்தில் கைதட்டுகிறார்கள் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல். ஒருவர் நோட்டும் கடிகாரமுமாகப் பின்னால் உட்கார்ந்து குறிக்கட்டும்.

மூன்றாம் வாரம் பேச்சுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். 2025 ஜூனில் போலீஸ் விசாரணையில் கோயில் காவலாளி ஒருவர் இறந்த திருப்புவனம் உங்கள் சிவகங்கை மாவட்டம்தான். அன்று யாருக்கும் படத்தைப் பற்றி மட்டும் பேச வராது.