கேமரா கேள்வி பதில்: கையில் கேனன், கண்ணில் நிக்கோன்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாற்றும் கேமரா) பற்றியவை. ஒரு பிராண்டை வைத்துக்கொண்டு இன்னொரு பிராண்டுக்குப் போகலாமா என்பதே பலருக்கும் குழப்பம்.

கேள்வி: சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய தாமானில் இருக்கிறோம். என்னிடம் கேனன் 700டி, கூடவே வந்த 18-55 லென்ஸ், 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் உள்ளன. கோவில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, அவ்வப்போது சடங்கு வீடு என்று படம் எடுக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒருவர் வேலைக்காக சிங்கப்பூர் போகிறார். நிக்கோன் டி7100, 18-105 லென்ஸ், 50 மி.மீ. எஃப்/1.8டி மூன்றையும் ஒன்றாகக் கொடுக்கிறார். 1,500 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறேன். என் கேனன் லென்ஸ்களை அதில் மாட்டலாமா? வாங்கலாமா? — வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மாட்ட முடியாது. லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து, படத்தைப் பதியும் சென்சார் வரையுள்ள தூரம் கேனனில் 44 மி.மீ., நிக்கோனில் 46.5 மி.மீ. கேனன் லென்ஸை நிக்கோனில் வைத்தால் அது சென்சாரிலிருந்து 2.5 மி.மீ. தள்ளிப் போய்விடும், தொலைவில் உள்ளது எதுவும் கூர்மையாகாது. நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் விற்கிறார்கள். அது படத்தின் தரத்தைக் கெடுக்கும். கேனன் லென்ஸின் துவாரம் (வெளிச்சம் நுழையும் வழி) மின்சாரத்தில் இயங்குவதால் எப்போதும் முழுதாகத் திறந்தபடியே நிற்கும். அந்தப் பணத்துக்கு ஒரு பழைய நிக்கோன் லென்ஸே வாங்கிவிடலாம்.

மறுபக்கம் வழி உண்டு. நிக்கோன் 50 எஃப்/1.8டி லென்ஸில் துவார வளையம் இருக்கிறது. மெல்லிய அடாப்டர் ஒன்று போட்டு உங்கள் 700டியில் மாட்டலாம். ஃபோகஸ் மட்டும் கையால்தான்.

இனி வாங்குவதைப் பற்றி. டி7100 வந்தது 2013இல். 24 மெகாபிக்சல், 51 ஃபோகஸ் புள்ளிகள், இரண்டு எஸ்டி கார்டு இடம், 1/8000 வரை ஷட்டர். உங்கள் 700டியில் ஃபோகஸ் புள்ளி 9; வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் துளை) காட்சியின் 95 விழுக்காடுதான் தெரியும், டி7100இல் முழுதும் தெரியும். ஓடும் பிள்ளைகளை எடுப்பவருக்கு இந்த வித்தியாசம் நிஜமானது. குறையும் உண்டு. 'ரா' கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) விடாமல் அழுத்தினால் ஆறேழு படங்களிலேயே வேகம் விழுந்துவிடும். தீமிதியில் ஒருவர் குழியைக் கடந்து முடிப்பதற்குள் கேமரா நின்றுவிட்டால் என்ன பயன்? தொடர் படங்களுக்கு ஜேபெக்கில் வையுங்கள். 'ரா' அவசியமென்றால் 2015இல் வந்த டி7200 தேடுங்கள். அதில் இடைச்சேமிப்பு (கார்டில் எழுதுமுன் படங்கள் தங்கும் இடம்) பெரியது.

கோவிலுக்குள் இருட்டில் எடுப்பதுதான் முக்கிய வேலை என்றால், அந்த 18-105 உங்களைக் காப்பாற்றாது. அது எஃப்/3.5-5.6 (இந்த எண் சிறிதானால்தான் வெளிச்சம் அதிகம் நுழையும்), உங்கள் 18-55க்கும் அதே நிலைதான். கர்ப்பக்கிரகத்து வெளிச்சத்துக்கு எஃப்/1.8 வேண்டும், அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆக, கேள்வியை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: கேனனை விற்றுவிட்டு முழுதாக மாறப் போகிறீர்களா, இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு போகப் போகிறீர்களா?

முழுதாக மாறுவதென்றால் நல்ல வாய்ப்பு, வாங்குங்கள். இரண்டும் வேண்டுமென்றால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்தான். இரண்டு சார்ஜர், இரண்டு வகை பேட்டரி, ஒன்றுக்கொன்று மாறாத லென்ஸ்கள். ஃப்ளாஷிலும் தானியங்கி அளவு ஒன்றில் வேலை செய்யும், மற்றதில் செய்யாது. அப்போது பழைய கேனன் 70டி தேடுவதே எங்கள் ஆலோசனை. 19 புள்ளிகள், உங்கள் லென்ஸ் இரண்டும் அப்படியே பொருந்தும். பேட்டரி மட்டும் வேறு. எதை எடுத்தாலும் 1,500இல் 250 வெள்ளியைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். நல்ல பேட்டரி ஒன்று, கார்டு, ஈரம் புகாத டப்பா வாங்க அது தேவைப்படும்.

கேள்வி: விற்பவர் வீட்டில் அரைமணி நேரம்தான் கிடைக்கும். டி7100இல் எதையெல்லாம் பார்ப்பது? — அதே வாசகி

பதில்: உங்கள் எஸ்டி கார்டையும் மடிக்கணினியையும் கொண்டு போங்கள். பகலில் போங்கள்.

முதலில் ஒரு ஜேபெக் படம். நிக்கோன் ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஷட்டர் எண்ணிக்கையை எழுதி வைக்கிறது. எக்ஸிஃப் (படத்தோடு பதியும் விவரக் குறிப்பு) படிக்கும் இலவச மென்பொருள் பலவற்றில் தெரியும். டி7100இன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. 60,000 ஓடியதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விற்பவர் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதை வைத்து எண்ணிக்கை பார்க்காதீர்கள், அனுப்பும்போதே அந்தத் தகவல் கழன்றுவிடும். அதே எக்ஸிஃபில் வரிசை எண்ணும் இருக்கும். கேமராவின் அடியில் ஒட்டியுள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். அடியில் உள்ள எண் சுரண்டப்பட்டிருந்தால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது ஷட்டர் திரை. வெயில் படும் வெள்ளைச் சுவரை 1/1000, 1/4000, 1/8000 என மூன்று வேகத்தில் எடுங்கள். வேகம் கூடும்போது ஒரு ஓரம் மட்டும் கருத்தால் திரைகள் சேர்ந்து ஓடவில்லை என்று அர்த்தம். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் அதை வாங்கக் கூடாது.

பிறகு சென்சார். எஃப்/16, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஃபோகஸைக் கலைத்து வெறும் வானத்தை எடுத்துப் பெரிதாக்குங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் காற்றுக் குமிழால் ஊதி மறுபடி எடுங்கள். போய்விட்டால் தூசு. அதே இடத்தில் நின்றால் எண்ணெய்த் துளியாக இருக்கலாம்; கடையில் ஈரத் துடைப்பு செய்ய வேண்டும், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். (நிக்கோன் டி600 இந்தப் புள்ளிக் குறைக்குப் பேர்போனது. 2013இல் டி610 வந்தது, 2014இல் நிக்கோனே டி600இன் ஷட்டரை இலவசமாக மாற்றித் தந்தது. யாராவது டி600 கொடுத்தால் ஷட்டர் மாற்றியாயிற்றா என்று கேளுங்கள்.) மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 800இல் 10 விநாடி ஒரு படம் எடுங்கள். ஐந்தாறு வண்ணப் புள்ளிகள் இயல்பு. கோடு ஓடினால் வேண்டாம்.

ஃபோகஸுக்கு ஒரு செய்தித்தாளை மேசையில் விரித்துச் சாய்வாக நின்று, விற்பவரின் 50 மி.மீ. லென்ஸை மாட்டி, கேமராவில் எஃப்/1.8 வைத்து ஒரு வரியைக் குறிவையுங்கள். வியூஃபைண்டர் வழியாக ஒன்று, லைவ் வியூவில் (பின்பக்கத் திரையில் பார்த்து) ஒன்று. லைவ் வியூவில் வரி சரியாக விழுந்து, வியூஃபைண்டரில் முன்னோ பின்னோ போனால் மெனுவில் உள்ள ஃபோகஸ் நுண்திருத்தத்தில் கூட்டல் கழித்தல் 20 வரை சரிசெய்யலாம். அந்த 50டி லென்ஸின் வளையத்தை எஃப்/22இல் வைத்துப் பூட்டாவிட்டால் திரையில் 'எஃப்ஈஈ' என்று வந்து கேமரா படமெடுக்காது. கேமரா கெட்டுவிட்டது என்று பலர் இதற்காகவே பயப்படுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: 50டி லென்ஸுக்குள் மோட்டார் இல்லை, கேமராவுக்குள் உள்ள மோட்டார்தான் அதைத் திருப்பும். டி90, டி7000, டி7100, டி7200 வகையில் அது உண்டு. டி3100 முதல் டி3500 வரையிலும், டி5100 முதல் டி5600 வரையிலும் இல்லை. அவற்றில் இந்த லென்ஸ் கையால் மட்டுமே ஃபோகஸ் ஆகும். நாளை வேறு நிக்கோனுக்கு மாறும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

மெனுவில் 'பேட்டரி இன்ஃபோ' திறந்தால் பேட்டரியின் வயது 0 முதல் 4 வரை காட்டும். 4 என்றால் மாற்றும் நேரம். கட்டைவிரல் பதியும் பின்புற ரப்பர் நம் ஊர் வெக்கையில் கழன்று நீளும். அதைத் தனியே வாங்கி ஒட்டலாம், பெரிய குறையாக எடுக்க வேண்டாம். இரண்டு கார்டு இடத்திலும் கார்டைப் போட்டு எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: பென்டக்ஸ் கே-50 மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் சில படங்கள் திடீரென்று கருப்பாக விழுகின்றன. ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள்) கோளாறு என்கிறார் விற்பவர். — வாசகர், பீடோர்

பதில்: ஃபர்ம்வேர் அல்ல. லென்ஸின் துவாரத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன மின்காந்தம் ஒட்டிக்கொள்கிறது. கே-30, கே-50 இரண்டிலும் தெரிந்த குறை இது; துவாரம் முழுதும் சுருங்கிப் போவதால் படம் இருளும். கேமரா பல மணி நேரம் அணைந்து கிடந்த பின் முதல் சில படங்களில்தான் இது தலைகாட்டும். நீங்கள் வருமுன் கேமராவைத் தொடாமல் வைக்கச் சொல்லுங்கள். போனவுடன் எஃப்/5.6இல் பத்துப் படம் எடுத்து எல்லாம் ஒரே வெளிச்சமா என்று பாருங்கள். ஒன்று கருத்தாலும் விட்டுவிடுங்கள். இன்று பத்தில் ஒன்று என்றால், நாளடைவில் பத்தும் அப்படியே ஆகும்.

பென்டக்ஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஈரம் தடுக்கும் லென்ஸோடு மழைத்தூறலில் நனையலாம், ஆட்டத்தைத் தடுக்கும் அமைப்பு பாடிக்குள்ளேயே இருப்பதால் 1975 முதல் வந்த கே மவுண்ட் (பென்டக்ஸின் லென்ஸ் வளையம்) லென்ஸ்கள் எல்லாவற்றுக்கும் அது உதவும். கே-5 அல்லது கே-3 பாருங்கள்.

கேள்வி: பழைய லென்ஸுக்குள் வெள்ளை நூல் போலத் தெரிகிறது. துடைத்தால் போகுமா? — வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அது பூஞ்சை. ஷட்டர் எண்ணிக்கையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நம் தோட்டப்புறங்களில் கேமராவைக் கொல்வது இதுதான். சுற்றிலும் செம்பனை, அடைமழை, இரவில் சன்னலோரம் ஈரம். ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும் இடத்தில் லென்ஸ் பசை மேலும் தூசு மேலும் பூஞ்சை படரும்.

வாங்குமுன் இருட்டறையில் லென்ஸின் இரு மூடியையும் கழற்றி, துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து கைப்பேசி டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கமிருந்து பாருங்கள். கிளை கிளையாக, சிலந்திவலை போல் ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் பூஞ்சை. தனித்தனிப் புள்ளிகள் தூசு, படத்தில் தெரியாது. முழுக் கண்ணாடியும் பால் படிந்தாற்போல் மங்கினால் அது வேறு நோய். எதிர்வெளிச்சத்தில் படம் வெளிறிவிடும். முன் கண்ணாடியின் வெளிப்புறத்தில் மட்டும் இருக்கும் பூஞ்சையைத் துடைக்கலாம். உள்ளே போயிருந்தால் லென்ஸைப் பிரிக்க வேண்டும். பூச்சை அரித்திருந்தால் துடைத்த பிறகும் தழும்பு நிற்கும். மலிவான 18-55க்கு அந்தச் செலவு தகாது.

வீட்டில் கேமராப் பையிலேயே வைக்காதீர்கள், அதன் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும். டிரை கேபினட் (ஈரம் நீக்கும் அலமாரி) வாங்க முடியாவிட்டால், ரப்பர் விளிம்புள்ள சாப்பாட்டு டப்பா, அரைக் கிலோ சிலிக்கா ஜெல், சிறிய ஈரமானி மூன்றும் போதும். ஊசி 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். 30க்குக் கீழே போகவிட்டால் ரப்பர் காயும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வறுத்து மறுபடி போடலாம். சமையல் பாத்திரத்தில் வறுக்க வேண்டாம்.

கேள்வி: தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை போகிறோம். நண்பரின் நிக்கோனும் என் கேனனும் சேர்த்து எடுக்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? — வாசகர், தஞ்சோங் ரம்புத்தான்

பதில்: முந்தின நாளே இரண்டு கடிகாரத்தையும் ஒரே கைப்பேசி நேரத்துக்கு வையுங்கள், இல்லையென்றால் காவடி வரிசையே குழம்பிவிடும். ஒரே வெள்ளைத் தாளை இரண்டுக்கும் காட்டி வெள்ளைச் சமநிலையை வைத்தால் தோல் நிறம் நெருங்கி வரும். ஜூம் வளையம் இரண்டிலும் எதிரெதிராகத் திரும்பும், லென்ஸ் மாட்டும் திசையும் எதிர். அவசரத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள்: ஒன்றில் அகல லென்ஸ், மற்றதில் தூர லென்ஸ் என்று பூட்டிவிட்டுப் போங்கள். ஒளி அளவுகோலில் கூட்டல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில நிக்கோன்களில் அது இடப்பக்கம் இருக்கும், மெனுவில் மாற்றலாம். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காமல் இருபது நிமிடம் விடுங்கள், லென்ஸில் பனி படியாது.

கேள்வி: சோனி ஆல்ஃபா 200இல் என் ஃப்ளாஷ் நுழையவே இல்லை. — வாசகி, சிம்மோர்

பதில்: அதில் பழைய மினோல்டா கேமராக்கள் காலத்துத் தனி வடிவ ஷூ (ஃப்ளாஷ் மாட்டும் இடம்). 2012 முதல்தான் சோனி மற்றவர்கள் வழிக்கு வந்தது. சாதாரண ஃப்ளாஷுக்கு மாற்று அடாப்டர் ஒன்று வாங்கிக் கையால் வலிமையை வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தி நுழைத்துப் பார்க்காதீர்கள், தொடுபுள்ளிகள் வளைந்துவிடும்.